“உங்களிடம்தான் பெட்ரோல் இருக்கிறதே”: பொது சார்ஜரில் ஹைப்ரிட் வண்டியைப் போடுவது தப்பா?

#1 பாதிமின்

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதினதில்லை. இன்றைக்கு எழுத வைத்துவிட்டார்கள்.

என்னுடையது ப்ளக்-இன் ஹைப்ரிட். பேட்டரி 13 யூனிட். முழுதாக ஏற்றினால் பெட்ரோலைத் தொடாமல் 50 கிலோமீட்டர் ஓடும், அது எனக்குத் தினசரிப் போக்குவரத்துக்குப் போதும். குடியிருப்பது அடுக்குமாடி. கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பிளக் பாயின்ட்கூடக் கிடையாது. அதனால் அலுவலகத்துக்குப் பக்கத்தில் உள்ள பொது பார்க்கிங்கில் காலையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போவேன். அங்கே இருப்பதே நாலு பாயின்ட். 22 கிலோவாட் ஏசி (மாறுமின்னோட்டம்).

நேற்று மாலை வந்து பார்த்தால் வைப்பருக்கு அடியில் மடித்த துண்டுச் சீட்டு. ஏதோ பழைய ரசீதின் பின்பக்கம், நீல மையில் எழுதியிருந்தது: “உங்களிடம்தான் பெட்ரோல் இருக்கிறதே. எங்களிடம் இல்லை.” பெயர் கிடையாது. ‘இல்லை’க்கு மட்டும் இரண்டு அடிக்கோடு. இரண்டாவது கோடு தாளைக் கிழித்திருந்தது.

கோபம் வரவில்லை, ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானும் காசு கட்டித்தானே ஏற்றுகிறேன்? முழு மின்சார வண்டி வைத்திருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள், என்னைப் போன்றவர்கள் அங்கே வரவே கூடாதா?

#2 முழுமின்

சீட்டு எழுதினவர் நாகரிகமாகத்தான் எழுதியிருக்கிறார். நானாக இருந்தால் இன்னும் நாலு வரி சேர்த்திருப்பேன்.

உங்கள் வண்டியில் சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் வீட்டுக்குப் போவீர்கள். என் வண்டியில் தீர்ந்தால் இழுத்துப் போக வண்டி கூப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றா?

அதோடு, ஹைப்ரிட்காரர்கள் பிளக் போடுகிற லட்சணம் ஊரறிந்தது. 2021இல் புதிதாகப் பதிவான வண்டிகளுக்குள்ளேயே இருக்கும் எரிபொருள் மீட்டரிலிருந்து கணக்கெடுத்து ஐரோப்பிய ஆணையம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ப்ளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் விட்ட கரியமில வாயு, சோதனைக்கூடத்தில் காட்டிய அளவைப் போல் மூன்றரை மடங்கு. பெரும்பாலோர் கேபிளை டிக்கியில் உறையோடு வைத்தே ஓட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம்?

#3 இரவுச்சார்ஜ்

முழுமின் தம்பி, ஒரே பதிவில் இரண்டு பக்கமும் அடிக்கிறீர்களே. பிளக் போடாத ஹைப்ரிட்காரர் மோசம். சரி. பிளக் போட வந்த ஹைப்ரிட்காரரும் மோசம். அப்படியானால் அவர் என்னதான் செய்ய வேண்டும்? அந்த மூன்றரை மடங்கு குறைய வேண்டுமானால் இவரைப் போன்றவர் தினமும் பிளக் போட்டால்தான் உண்டு. வீட்டில் வசதி இல்லாதவருக்குப் பொது பாயின்ட்டை விட்டால் வேறு எது?

#4 பழைய_பெட்ரோல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மைத்துனன் வண்டியும் ஹைப்ரிட் என்றுதான் சொல்கிறான், ஆனால் அவன் பிளக் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவனும் அந்த மூன்றரை மடங்கு ஆள்தானா? சண்டை போடக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

#5 வயர்மேன்

மைத்துனனை விட்டுவிடுங்கள் நண்பரே. அவர் வண்டியில் பிளக் போட ஓட்டையே இருக்காது. டொயோட்டா பிரியஸ் 1997இல் வந்ததிலிருந்து இருக்கும் வகை அது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியையும் எஞ்சினில் மிஞ்சுவதையும் ஒரு குட்டி பேட்டரியில் சேர்த்துக்கொள்ளும். ஒன்று, ஒன்றரை யூனிட் அளவு. இங்கே பேசுவது வெளியிலிருந்து கரண்ட் வாங்கும் ஹைப்ரிட் பற்றி.

பாதிமின், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். காலையில் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், மாலையில் எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்?

#6 பாதிமின்

8:45க்குப் போடுவேன். ஆறு மணிக்கு எடுப்பேன். மீட்டிங் இழுத்தால் ஆறரை.

#7 வயர்மேன்

அதைத்தான் நினைத்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சார்ஜிங் பாயின்ட் மாட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு.

பாயின்ட்டின் நெற்றியில் 22 என்று போட்டிருக்கும். அது பாயின்ட் கொடுக்கக்கூடிய உச்சம். வண்டி எவ்வளவு வாங்கும் என்பது வேறு விஷயம். ஏசி பாயின்ட் என்பது, மரியாதைக்குக் குறைவாகச் சொன்னால், ஒரு புத்திசாலி சுவிட்ச். ஏசியை டிசியாக, அதாவது நேர்மின்னோட்டமாக, மாற்றி பேட்டரிக்கு ஊட்டுகிற நிஜ சார்ஜர் வண்டிக்குள் இருக்கிறது. உங்கள் ஹைப்ரிட்டில் அநேகமாக 3.7 கிலோவாட், அதாவது ஒரே ஃபேஸ், 16 ஆம்பியர், 230 வோல்ட். முழு மின்சார வண்டிகளில் இப்போது அதிகம் பார்ப்பது 11 கிலோவாட், மூன்று ஃபேஸிலும் 16 ஆம்பியர். 22ஐ அப்படியே வாங்குகிற வண்டி சொற்பம், ரெனோ ஸோயி மாதிரி.

சொருகினதும் வண்டியும் பாயின்ட்டும் பேசிக்கொள்ளும். பவர் போகும் தடித்த கம்பிகளோடு பைலட் என்று மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அதில் பாயின்ட் ஒரு சதுர அலையை நொடிக்கு ஆயிரம் தடவை அனுப்பும். ஒவ்வொரு அலையிலும் எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதுதான் செய்தி. நூற்றுக்கு 27 பங்கு மேலே நின்றால் ‘16 ஆம்பியர் வரை எடுத்துக்கொள்’, 53 பங்கு என்றால் ‘32 வரை’. அதற்குள் எவ்வளவு எடுப்பது என்பது வண்டியின் இஷ்டம். சொருகிய கொஞ்ச நேரத்தில் ‘டக்’ என்று காண்டாக்டர், அதாவது பவரைத் திறந்துவிடும் சுவிட்ச், விழும் சத்தம் கேட்கிறதே, அது இந்தப் பேச்சு முடிந்த பிறகுதான்.

இப்போது உங்கள் கணக்கு. 13 யூனிட் பேட்டரியில் மேலும் கீழும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள், வழியில் கொஞ்சம் சூடாகப் போகும். எப்படிப் பார்த்தாலும் மூன்றரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். 12:15க்கு முடிந்தது. ஆறு மணி வரை உங்கள் வண்டி எதையும் குடிக்கவில்லை, சார்ஜிங் கன்னை வாயில் வைத்துக்கொண்டு தூங்குகிறது. சீட்டு எழுதினவர் பெட்ரோலைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருக்கு எரிந்தது இந்த ஐந்தே முக்கால் மணி நேரமாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

#8 பாதிமின்

நெற்றிப்பொட்டில் அடித்த மாதிரி இருக்கிறது. ‘மாலை வரை நிற்கட்டும்’ என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன், பார்க்கிங்கும் சார்ஜும் ஒன்றுதான் என்கிற எண்ணம். ஆப்பில் ‘சார்ஜ் முடிந்தது’ என்று அறிவிப்பு வரும், அதைத் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

#9 முழுமின்

நன்றி வயர்மேன் அண்ணா. நான் சொன்னதும் இதுதான்.

#10 இரவுச்சார்ஜ்

நீங்கள் சொன்னது இது இல்லை தம்பி, நீங்கள் சொன்னது பெட்ரோல். சரி, உங்கள் கதைக்கு வருவோம். தினமும் எவ்வளவு ஓட்டுகிறீர்கள்? எத்தனை சதவீதத்தில் சொருகுகிறீர்கள்?

#11 முழுமின்

போக வர 40 கிலோமீட்டர். 64 யூனிட் பேட்டரி, 80க்கு லிமிட் வைத்திருக்கிறேன். தினமும் ஆபீஸ் போனதும் போட்டுவிடுவேன். எழுபது சதவீதம் சுமாருக்கு இருக்கும். ஏன்?

#12 இரவுச்சார்ஜ்

ஏனா? நீங்களே கணக்குப் போடுங்கள். 40 கிலோமீட்டருக்கு 7 யூனிட் என்று வையுங்கள். 11 கிலோவாட்டில் அது 40 நிமிட வேலை. அப்புறம் உங்கள் வண்டியும் மாலை வரை தூங்குகிறது. அவர் மூன்றரை மணி நேரம் உண்மையிலேயே ஏற்றிக்கொண்டுதான் நின்றார். எழுபது சதவீதத்தில் இருக்கும் உங்கள் வண்டி இன்னும் நாலைந்து நாள் பிளக் போடாமலே ஓடும். நின்றுவிடுமே, இழுத்துப் போகணுமே என்ற பயம் எல்லாம் பத்து சதவீதத்தில் வருகிறவருக்குச் சரி.

கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு முழு மின்சாரம், ஒரு ஹைப்ரிட் இரண்டும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

#13 பழைய_பெட்ரோல்

🍿

#14 முழுமின்

ஒப்புக்கொள்கிறேன் அக்கா, அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. இடம் கிடைக்கும்போதே போட்டுவிடுவோம், நாளைக்குக் கிடைக்குமோ என்னவோ என்கிற பயம்தான். நாலு பாயின்ட்டுக்குப் பத்து வண்டி இருக்கிற இடத்தில் எல்லோருக்கும் அந்தப் பயம் வந்துவிடுகிறது. தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லோரும் சொருகி வைக்கிறோம், அதனாலேயே பத்தாமல் போகிறது.

ஆனாலும் ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெளியிலேயே டிசியாக மாற்றி நேராக பேட்டரிக்கு வேகமாக ஏற்றுகிற டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் ஹைப்ரிட் வந்து நிற்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

#15 நெடுஞ்சாலை

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். டிசி பற்றி என்றால் நான் பேசலாம். மாதத்தில் பாதி நாள் வண்டியில்தான் இருக்கிறேன்.

பெரும்பாலான ப்ளக்-இன் ஹைப்ரிட்களில் டிசி சொருக வழியே கிடையாது. இருக்கிற சிலவற்றில் பழையது மிட்சுபிஷி அவுட்லேண்டர், அதில் சாடெமோ என்கிற டிசி இணைப்பு உண்டு. ஜப்பான்காரர்கள் அந்தப் பெயருக்குள்ளேயே ஒரு சிலேடை வைத்தார்கள், ‘தேநீர் ஏதாவது?’ என்று கேட்கிற மாதிரி ஒலிக்குமாம். சொருகிவிட்டு ஒரு தேநீர் நேரத்தில் கிளம்பு என்று பொருள். கிளம்பு என்பதுதான் அதில் முக்கியம், நம் ஆட்கள் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

அவுட்லேண்டர் டிசியில் இருபது கிலோவாட் சுமாருக்குத்தான் வாங்கும். அந்த இடத்தில் ஐம்பதோ நூறோ வாங்குகிற வண்டி பின்னால் காத்திருந்தால், முழுமின் கோபம் நியாயம்தான். யாரும் இல்லாத நேரத்தில் போட்டுக்கொண்டு, ஆள் வந்தால் எடுத்துவிட்டால் போயிற்று.

ஆனால் டிசியில் நான் பார்த்த பெரிய பாவி ஹைப்ரிட் இல்லை. நூறு சதவீதம் வரை உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

போன மாதம் நடந்தது. இரவு பத்து மணி, இரண்டு கன் உள்ள 50 கிலோவாட் இடம். ஒன்று வேலை செய்யவில்லை, திரை கறுப்பு. இன்னொன்றில் ஒரு வண்டி. எனக்கு 9 சதவீதம். திரையை எட்டிப் பார்த்தேன்: 91%, 14 கிலோவாட். உள்ளே ஒருவர் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மெல்லத் தட்டினேன். ‘இன்னும் ஒன்பதுதானே சார், முடிந்துவிடும்’ என்றார். அந்த ஒன்பது வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. எண் மாறுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? 94இல் இருந்து 95 வருவதற்குள் கால் மரத்துவிடும். குளிர்தான் காரணம் என்று நினைக்காதீர்கள், எந்தப் பருவத்திலும் அப்படித்தான்.

#16 பழைய_பெட்ரோல்

ஏன் கடைசியில் மட்டும் அப்படி இழுக்கிறது? போனில் சார்ஜ் போட்டாலும் 80க்கு மேல் மந்தமாகிற மாதிரித்தான் தெரிகிறது. கம்பெனிக்காரன் வேண்டுமென்றே செய்கிறானா?

#17 வயர்மேன்

இல்லை, வேதியியல். போனிலும் வண்டியிலும் லித்தியம் செல்தான், குணமும் ஒன்றுதான். ஆரம்பத்தில் கரண்டைத் தள்ளிக்கொண்டே போகலாம், செல்லின் வோல்டேஜ் ஏறிக்கொண்டே வரும். நிக்கல் வகை செல்லுக்கு 4.2 வோல்ட் உச்சி. அதைத் தொட்டதும் மேலே தள்ளக் கூடாது, வோல்டேஜை அங்கேயே பிடித்துவைத்துக் கரண்டைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். வண்டியே அதைச் செய்துகொள்ளும். மீறித் தள்ளினால் லித்தியம் உள்ளே போக இடமில்லாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படியும். பேட்டரி ஆயுள் போகும், மோசமான நிலையில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகும்.

குளிரிலும் இதே தொல்லை. செல் குளிர்ந்திருந்தால் லித்தியம் மெதுவாகத்தான் உள்ளே போகும், அதனால் 20 சதவீதத்திலேயே வண்டி கரண்டைக் குறைத்துவிடும். ‘150 என்று போட்டிருக்கிறது, 30தான் வருகிறது, சார்ஜர் டுபாக்கூர்’ என்று ஆப்பில் ஒரு ஸ்டார் போடுவார்கள். பாவம், சார்ஜர் மேல் குற்றமே இருக்காது. பல வண்டிகளில், போகும் இடமாக ஃபாஸ்ட் சார்ஜரை நேவிகேஷனில் போட்டால் வழியிலேயே பேட்டரியைச் சூடேற்றிக்கொண்டு போகும். போன் மேப்பைப் பார்த்து ஓட்டினால் வண்டிக்கு அந்த விஷயமே தெரியாது.

#18 முழுமின்

ஒரு திருத்தம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிக்கு 100 வரை போட வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். டெஸ்லா கையேட்டில்கூட வாரம் ஒரு முறை முழுதாக ஏற்று என்று இருக்கிறது. அந்த ஆள் வண்டி எல்எஃப்பியாக இருந்திருக்கலாமே?

#19 வயர்மேன்

இருக்கலாம். ஆனால் எதற்கு அப்படிச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எல்எஃப்பி செல்லில் வோல்டேஜ் 30 சதவீதத்திலும் 70 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தட்டையான கோடு. வோல்டேஜைப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று வண்டியால் சரியாகச் சொல்ல முடியாது, ஊகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகும். உச்சிக்குப் போகும்போதுதான் வோல்டேஜ் சட்டென்று எழும். அதைப் பிடித்துக் கணக்கை நேர் செய்துகொள்ளும். அதை ராத்திரி முழுக்க மெதுவான ஏசியில் நிதானமாகச் செய்யலாமே! இரவு பத்து மணிக்கு, ஒரே கன் வேலை செய்கிற இடத்தில், பின்னால் ஒருவரை நிறுத்திவைத்துச் செய்ய வேண்டியதில்லை.

#20 நெடுஞ்சாலை

அதேதான். டிசியில் வேண்டிய அளவு ஏறியதும் கிளம்பி, அடுத்த இடத்தில் கொஞ்சம் போட்டுக்கொள்வதுதான் நேரத்துக்கும் லாபம். 10இலிருந்து 60 வரை ஏறும் வேகம் வேறு, 80க்கு மேலே வேறு. அடுத்த சார்ஜர் வேலை செய்யுமா என்ற பயம் இருப்பவர்கள்தான் முழுதாக நிரப்புகிறார்கள், அதையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. அந்தக் கறுப்புத் திரையை நானே பார்த்தேனே.

டெஸ்லா 2016 டிசம்பரிலேயே இதற்கு ஒரு வழி கொண்டுவந்தது. சார்ஜ் முடிந்தும் எடுக்காமல் இருந்தால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று தண்டம். அஞ்சு நிமிடத்தில் எடுத்துவிட்டால் கிடையாது. மனசாட்சியை நம்புவதைவிட மீட்டரை நம்பலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

#21 இரவுச்சார்ஜ்

தண்டம் சரி. ஆனால் சில இடங்களில் யூனிட்டுக்குப் பதிலாக நிமிடத்துக்குக் காசு வாங்குகிறார்களே, அது ஹைப்ரிட்டுக்கு அநியாயம். 3.7இல் ஏறுகிற வண்டி அதே ஒரு யூனிட்டுக்கு 11இல் ஏறுகிற வண்டியைப் போல் மூன்று மடங்கு கட்டுகிறது. ஏறி முடிகிற வரை யூனிட்டுக்கு, முடிந்த பிறகு நிமிடத்துக்கு. இதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது.

#22 முழுமின்

மெதுவாக ஏற்றுகிறவர் இடத்தை அதிக நேரம் அடைக்கிறாரே அக்கா. அதற்குக் காசு வேண்டாமா?

#23 வயர்மேன்

மெதுவாக வாங்குவது ஹைப்ரிட் மட்டும் செய்த குற்றமில்லை. 2010 கடைசியில் வந்த முதல் நிசான் லீஃப் முழு மின்சாரம், அதிலும் உள்ளே இருந்தது 3.3 கிலோவாட்தான். அதே மாதம் வந்த செவ்ரோலே வோல்ட் ஹைப்ரிட், அதிலும் 3.3. பழைய லீஃப்கள் இன்னும் ஓடுகின்றன. அவர்களையும் விரட்டலாமா?

பாயின்ட் மாட்டச் சொல்கிறவர்களிடம் நான் எப்போதும் சண்டை போடுவது இதற்குத்தான். எட்டு மணி நேரம் வண்டி நிற்கிற இடத்தில் 22இல் நாலு போடாதே, அதே பவரைப் பிரித்து 3.7இல் இருபது போடு. 6 ஆம்பியர் வரை குறைத்துக் கொடுக்கலாம், பைலட் கம்பி அதற்குத்தான் இருக்கிறது. யாரும் யாருக்கும் சீட்டு எழுத வேண்டியிருக்காது. ஆனால் விளம்பரப் பலகையில் 22 என்று எழுதினால்தான் பார்க்க எடுப்பாக இருக்கிறதாம்.

#24 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. இடையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ‘ஹைப்ரிட்காரனின் கேபிளைப் பிடுங்கி எறிவேன்’ என்பது விவாதம் இல்லை.

#25 பழைய_பெட்ரோல்

நீக்கியது என் பதிவு இல்லை என்று பதிவு செய்துகொள்கிறேன். ஆனால் கேட்கிறேன், அடுத்தவர் வண்டியிலிருந்து கன்னைப் பிடுங்க முடியுமா? ஷாக் அடிக்காதா?

#26 வயர்மேன்

ஷாக் அடிக்காது. பவர் பின்கள் விலகுவதற்கு முன்னாலேயே சின்னப் பின் விலகிவிடும், வண்டி கரண்டை நிறுத்திவிடும். ஏசி கன்னில் டைப் 1, டைப் 2 என்று இரண்டு வகை. டைப் 1 கன்னில் கட்டைவிரலுக்கு ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தினாலே வண்டிக்குச் செய்தி போய்விடும். வண்டி பூட்டாமல் இருந்தால் கழன்று வரும். டைப் 2இல் வண்டியே ஒரு ஊசியால் கன்னைப் பூட்டிவைக்கும், உடமைக்காரர் திறந்தால்தான் வரும். டிசியில் ஏறிக்கொண்டிருக்கும்போது எதிலும் வராது, இழுத்துப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள்.

இன்னொன்று, கை கூப்பிக் கேட்கிறேன். கன் வரவில்லை என்று அந்தச் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைத் தட்டாதீர்கள். தட்டினால் பல மெஷின்கள் மொத்தமாகப் படுத்துவிடும், சிலவற்றை ஆள் நேரில் போய்த்தான் எழுப்ப வேண்டும். எழுப்பப் போகிற ஆள் நான்தான். எடுத்த கன்னை அதன் கூட்டில் மாட்டுங்கள். தரையில் போட்ட கன்னின் ஓட்டைக்குள் சேறு காய்ந்து கிடப்பதை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்திருக்கிறேன், ஒரு தடவை உள்ளே மண்புழு இருந்தது.

#27 பாதிமின்

வயர்மேன் அண்ணா, டைப் 2இல் ‘உடமைக்காரர் திறந்தால்தான்’ என்கிறீர்களே. நிரம்பியதும் தானாகப் பூட்டை விடுவிக்க வழி உண்டா? எங்கள் பார்க்கிங்கில் கேபிள் பாயின்ட்டோடு சேர்ந்தது, நீளமாகத்தான் இருக்கும். பக்கத்து இடத்து வண்டி வரை எட்டும்.

#28 வயர்மேன்

சில வண்டிகளில் உண்டு. சார்ஜிங் மெனுவில் ‘முடிந்ததும் கேபிளை விடுவி’ என்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போட்டுவையுங்கள். சொந்தக் கேபிள் கொண்டுபோகிற இடத்தில் மட்டும் போடாதீர்கள், கேபிள் நடந்து போய்விடும்.

#29 நெடுஞ்சாலை

டாஷ்போர்டில் ஒரு அட்டையும் வையுங்கள். எத்தனை மணிக்கு முடியும், அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாமா கூடாதா, ஒரு போன் நம்பர். நான் இப்படித்தான் செய்கிறேன், இதுவரை நாலு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருவர் கூப்பிட்டது நள்ளிரவு ஒரு மணிக்கு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

#30 பாதிமின்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

மதியம் 12:30க்குப் போனில் அலாரம் வைத்தேன். முதல் மூன்று நாள் இறங்கிப் போய் வண்டியை வெளி வரிசைக்கு மாற்றினேன். படி ஏறி இறங்க, திரும்ப இடம் தேட, பதினைந்து நிமிடம் போகிறது. நாலாம் நாள் மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன், ஆறு மணிக்குத்தான் போக முடிந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது, இன்னொரு சீட்டு இருக்கும் என்று.

அதற்கு முந்தின நாள்தான் மெனுவில் அந்த விஷயத்தைக் கண்டுபிடித்துப் போட்டிருந்தேன். அட்டையும் வைத்திருந்தேன்: “12:30க்கு முடியும். அதன் பிறகு கன்னை எடுத்துக்கொள்ளலாம்.” போய்ப் பார்த்தால் கன் என் வண்டியில் இல்லை. கேபிள் என் பம்பருக்கு முன்னால் வளைந்து போய்ப் பக்கத்தில் நின்ற வெள்ளை வண்டியில் சொருகியிருந்தது, பச்சை விளக்கு மெல்ல மின்னிக்கொண்டிருந்தது. தரையில் படாமல் இருக்கக் கேபிளின் நடுவை அங்கிருந்த குட்டைக் கம்பத்தின் மேல் ஒரு சுற்று சுற்றியிருந்தார்கள். என் வண்டியின் சார்ஜ் மூடியையும் யாரோ சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு நல்ல மழை.

#31 முழுமின்

அந்த வெள்ளை வண்டிக்காரர்தான் சீட்டு எழுதினவரா?

#32 பாதிமின்

தெரியவில்லை. உள்ளே ஆள் இல்லை. அன்றைக்கு என் வைப்பரில் ஒன்றும் இல்லை.

#33 முழுமின்

சரி. நான் இப்போது வாரத்துக்கு இரண்டு நாள்தான் போடுகிறேன், 50க்குக் கீழே வந்த பிறகு. அக்காவுக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன்.

#34 இரவுச்சார்ஜ்

பார்த்தேன் தம்பி. மீதி மூன்று நாள் அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள்?

#35 முழுமின்

ஒரு பழைய லீஃப். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை.

#36 பழைய_பெட்ரோல்

சீட்டு எழுதப் போகிறீர்களா?